ஸ்லோவேனியாவில் மோட்டார் சைக்கிள் பயணம்: படைகள் போட்ட சாலைகளில் ஏழு நாள்

ஸ்லோவேனியாவின் பரப்பளவு 20,271 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 21 லட்சம். மேற்கே இத்தாலி, வடக்கே ஆஸ்திரியா, வடகிழக்கே ஹங்கேரி, தெற்கே குரோவேஷியா என்று நான்கு நாடுகள் சூழ, ஏட்ரியாட்டிக் கடலில் 47 கிலோமீட்டர் கடற்கரையை மட்டும் வைத்திருக்கும் இந்த நாட்டை நெடுஞ்சாலையில் ஒரே பகலில் குறுக்காகக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்துபோகிறவர்கள்தான் மிகுதி. ஆனால் ரோமர், வெனிஸ் குடியரசு, ஹாப்ஸ்பர்க் பேரரசு, நெப்போலியன், இத்தாலி, யூகோஸ்லாவியா என்று அடுத்தடுத்துப் பல அதிகாரங்கள் ஆண்டோ படையெடுத்தோ போன மண் இது. 1991 ஜூன் 25 அன்றுதான் அது தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது.

இந்த வழிகாட்டி ஒரு கருத்தை அடிப்படையாகக் கொண்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் விரும்பித் தேடி வரும் மேற்கு ஸ்லோவேனிய மலைச்சாலைகள் பலவும் பயணிகளுக்காகப் போடப்பட்டவை அல்ல. பீரங்கியும் வெடிமருந்தும் ரொட்டியும் மலையேற வேண்டியிருந்ததால் போடப்பட்டவை. வளைவு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, கணவாயின் உச்சியில் ஏன் கோட்டை நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே ஓட்டினால், அருங்காட்சியகத்துக்குள் நுழைவதற்கு முன்பே பாதி வரலாறு புரிந்துவிடும். அதனால் கீழே சொல்லப்படும் சுற்று, தலைநகர் லியுப்லியானாவில் தொடங்கி மேற்குப் பகுதியை மட்டும் வலம்வந்து திரும்புகிறது. மொத்தத் தூரம் 700 முதல் 800 கிலோமீட்டர். ஏழு நாளுக்கு இது குறைவாகத் தோன்றலாம், ஆனால் இங்கே நாளைக் கிலோமீட்டரால் கணக்கிடக் கூடாது.

முதல் படி: காலமும் காகிதங்களும்

மே மாதக் கடைசி முதல் ஜூன் முடிய, அல்லது செப்டம்பர் முழுவதும்: இவையே பொருத்தமான காலங்கள். இந்தச் சுற்றின் உயிரான விர்ஷிச் கணவாய் பனிக்காலத்தில் மூடப்படும். எந்த ஆண்டில் எப்போது திறக்கும் என்பதைப் பனியே முடிவு செய்யும். ஜூலை, ஆகஸ்டில் சாலைகள் திறந்திருக்கும், ஆனால் கேரவன் வண்டிகளும் சைக்கிள் ஓட்டிகளும் வளைவுகளை நிறைத்துவிடுவார்கள். மேலும் ஜூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் இந்தச் சரிவு ஐரோப்பாவிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்று. கோடையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகவே கணவாய்களைக் காலையில் கடந்து, பள்ளத்தாக்கு ஊர்களையும் அருங்காட்சியகங்களையும் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து செல்பவருக்கு ஷெங்கன் விசா தேவை. அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். அந்தக் காப்பீடு மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது நேரும் விபத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். மலிவான பாலிசிகள் பல இதைச் சிறிய எழுத்தில் விலக்கிவைத்திருக்கும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான உரிமமும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்ற பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். பன்னாட்டு அனுமதி தனித்துச் செல்லாது, அசல் உரிமத்தோடு சேர்த்துக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு. ஸ்லோவேனியா 2007 டிசம்பர் முதலும் குரோவேஷியா 2023 ஜனவரி முதலும் ஷெங்கன் பகுதியில் இருந்தாலும், எல்லைகளில் தற்காலிகச் சோதனைகள் அவ்வப்போது நடப்பதால் பாஸ்போர்ட்டை விடுதியில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

இரண்டாம் படி: வண்டி

லியுப்லியானாவில் வாடகைக்கு வண்டி கிடைக்கும். 500 முதல் 800 சிசி வரையிலான, நிமிர்ந்து உட்காரும் வகை வண்டியே இந்தச் சாலைகளுக்குப் போதும். 1,200 சிசி வண்டியின் எடை கொண்டை ஊசி வளைவில் சுமையே தவிர உதவியல்ல. வாடகைக்கு எடுக்கும்போது முன்பணமாக எவ்வளவு பிடித்துவைக்கிறார்கள் என்பதைவிட, வண்டி விழுந்து சேதமானால் எந்தத் தொகை வரை நம் பொறுப்பு என்பதே முக்கியமான கேள்வி. டயர்களின் நிலை, பிரேக் கட்டைகளின் தடிமன், ஏற்கெனவே உள்ள கீறல்கள் எல்லாவற்றையும் கிளம்பும் முன் தேதி தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலைக் கட்டணம் இங்கே சாவடியில் வாங்கப்படுவதில்லை. வினியெட் எனப்படும் காலமுறைக் கட்டணம் 2022 முதல் முழுவதும் மின்னணு முறைக்கு மாறி, வண்டியின் பதிவு எண்ணோடு இணைக்கப்படுகிறது. மோட்டார் சைக்கிளுக்கும் இது கட்டாயம். வாடகை வண்டிக்கு அது ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களே வாங்கினால் பதிவு எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் கட்டாததாகவே கருதப்படும். நம் சுற்று பெரும்பாலும் சாதாரண சாலைகளிலேயே போகிறது. இருந்தாலும் மழையிலோ களைப்பிலோ நெடுஞ்சாலை ஏற வேண்டி வரலாம்.

மூன்றாம் படி: வலப்பக்கம் ஓட்டப் பழகுதல்

வேக வரம்பு ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 90, விரைவுச்சாலையில் 110, நெடுஞ்சாலையில் 130 கிலோமீட்டர். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்த நொடியே 50 வரம்பு தொடங்கிவிடும். அதற்கென்று தனியாக எண் பலகை இராது. புதிதாக வருபவர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இதனால்தான். அவசர உதவிக்கு 112, காவல்துறைக்கு 113.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு, போக்குவரத்து மிகுந்த நகரத்தைவிட ஆளில்லாத காலைச் சாலையே ஆபத்தானது. முன்னால் ஒரு வண்டி இருந்தால் அதைப் பின்பற்றிவிடுவோம். பெட்ரோல் பங்கிலிருந்தோ காட்சிமுனையிலிருந்தோ வெறிச்சோடிய சாலைக்குள் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் கையைப் பிடித்து இடப்பக்கம் இழுக்கும். இரண்டாவதாக, கொண்டை ஊசி வளைவுகளின் குணம் தலைகீழாகிவிடும். நம் மலைகளில் இடப்பக்க வளைவுதான் குறுகலாகவும் செங்குத்தாகவும் வரும். அங்கே வலப்பக்க வளைவு. ஏறும்போது அதில் வேகம் மிகவும் குறைந்தால் வண்டி நின்று, உட்பக்கம் சரிந்துவிடும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கி, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, பார்வையை வளைவின் வெளிவாயிலில் வைத்து ஏறுங்கள். வட்டச் சந்திப்பில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை.

முதல் நாள்: லியுப்லியானா, ஷ்கோஃபியா லோகா, போஹின், பிளெட் (சுமார் 100 கி.மீ.)

ரோமரின் எமோனா நகரம் இருந்த இடத்தில் நிற்கும் லியுப்லியானாவின் பழைய மையத்துக்குள் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. எனவே அதை முந்தைய நாளே நடந்து பார்த்துவிடுங்கள். கட்டடக் கலைஞர் யோஷே பிளெச்னிக் வடிவமைத்த பாலங்களும் சந்தையும் ஆற்றங்கரைகளும் 2021-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை.

ஷ்கோஃபியா லோகா 973-இல் பேரரசர் இரண்டாம் ஓட்டோ ஃப்ரைஸிங் ஆயருக்கு அளித்த நிலம். அங்கிருந்து ஷெலெஸ்னிகி வழியாக சோரிஷ்கா பிளானினாவுக்கு ஏறும் சாலைதான் கையைப் பழக்கிக்கொள்ள ஏற்றது: 1,277 மீட்டர் உயரம், அதிகப் போக்குவரத்து இல்லை, வளைவுகள் மிரட்டுவதில்லை. உச்சிக்கு அருகில் இத்தாலியப் படை கட்டிய காவல்நிலைகளின் மிச்சங்கள் புல்லுக்கு நடுவே கிடக்கின்றன. 1920 ரப்பல்லோ உடன்படிக்கை இன்றைய மேற்கு ஸ்லோவேனியாவை இத்தாலிக்குக் கொடுத்தபோது எல்லைக்கோடு இந்த முகட்டில்தான் ஓடியது. இனி நான்கு நாளும் நீங்கள் ஓட்டப்போகும் ஊர்களில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு அப்பால், இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை இத்தாலியின் பிடியில் இருந்தவை. போஹின் ஏரி அமைதியானது. பிளெட் ஏரி அழகானது, கூட்டமானது. கரையில் உட்கார்ந்து ஒரு கிரேம்ஷ்னிடா கேக் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

இரண்டாம் நாள்: விர்ஷிச் (சுமார் 90 கி.மீ.)

கிரான்ஸ்கா கோராவில் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள்; மலைக்கு மறுபுறம் போவெட்ஸ் சேரும்வரை பங்கை எதிர்பார்க்க வேண்டாம். 1,611 மீட்டர் உயரமுள்ள இந்தக் கணவாயில் 50 கொண்டை ஊசி வளைவுகள்: வடக்கே ஏற 24, தெற்கே இறங்க 26. ஒவ்வொன்றிலும் அதன் எண்ணும் உயரமும் எழுதிய பலகை உண்டு. வடபுற வளைவுகளில் தாருக்குப் பதில் கருங்கல் பாவியிருக்கிறார்கள். நனைந்தால் அது சோப்பு போலிருக்கும். இந்தச் சுற்றை நான் வடக்கிலிருந்து தெற்காக அமைத்ததற்கு இதுவே காரணம்: ஈரக் கல்லில் ஏறுவது, இறங்குவதைவிட எளிது. கல்லின் மேல் இருக்கும் வரை முன் பிரேக்கைத் தொடாதீர்கள். வண்டியை அதிகம் சாய்க்காமல், சீரான வேகத்தில் திருப்புங்கள்.

எட்டாவது வளைவில் நிறுத்த வேண்டும். 1915-இல் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியதும், சோச்சா ஆற்றங்கரைப் போர்முனைக்குச் சரக்கு அனுப்ப ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்கு ஒரு சாலை அவசரமாகத் தேவைப்பட்டது. தன்னிடம் சிறைப்பட்டிருந்த ரஷ்யப் போர்க்கைதிகளில் பல்லாயிரம் பேரை அது இந்த மலையில் ஏற்றியது. சில மாதங்களில் சாலை முடிந்தது. பனிக்காலத்திலும் அதைத் திறந்துவைக்கும் வேலை கைதிகளின் தலையிலேயே விழுந்தது. 1916 மார்ச்சில் சரிந்த பனி அவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோரைக் காவலர்களோடு சேர்த்துப் புதைத்தது. உயிர் தப்பிய கைதிகள் தங்கள் தோழர்களுக்காகக் கட்டிய சிறிய மர ஆலயம்தான் மரங்களுக்கிடையே நிற்கும் ரஷ்யத் தேவாலயம். அதைப் பார்த்த பிறகு மேலே உள்ள பதினாறு வளைவுகளை யாரும் வேகமாக ஏற மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உச்சியிலிருந்து இறங்குகையில் என்ஜின் பிரேக்கை நம்பி, இரண்டாம் கியரிலேயே வாருங்கள். சோச்சா ஆறு பிறக்கும் இடத்துக்கு ஒரு கிளைச்சாலையும், அதன் முடிவிலிருந்து பாறை மேல் கம்பி பிடித்து ஏறும் குறுகிய நடைபாதையும் உண்டு. பைக் பூட்ஸோடு அதில் ஏறாதீர்கள். திரெந்தாப் பள்ளத்தாக்கில் 1926-இல் தொடங்கப்பட்ட அல்பினும் யூலியானா என்னும் மலைத்தாவரத் தோட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகு போவெட்ஸ் வரை சாலையும் ஆறும் ஒன்றையொன்று விடுவதில்லை. ஆற்றின் பச்சை நீலம் புகைப்படங்களில் கூட்டிக்காட்டப்பட்டதல்ல. சுண்ணாம்புப் பாறையில் ஓடும் தண்ணீர் உண்மையிலேயே அந்த நிறந்தான்.

மூன்றாம் நாள்: கோட்டைகள், மாங்கார்ட், கோபாரித் (சுமார் 75 கி.மீ.)

போவெட்ஸிலிருந்து வடக்கே போனால் கொரித்னிட்சா ஆற்றின் ஆழமான பிளவின் விளிம்பில் குளூஷே கோட்டை நிற்கும். இப்போதுள்ள கட்டடம் 1880-களில் ஆஸ்திரியர் எழுப்பியது. அதே சாலையில் மேலே, பிரெடெல் கணவாய்க்கருகே சாகும் சிங்கத்தின் சிலையோடு ஒரு நினைவுச்சின்னம்: 1809-இல் நெப்போலியனின் படையைத் தடுத்து மடிந்த ஆஸ்திரிய வீரர்களுக்கானது. நெப்போலியன் காலப் போரும் முதல் உலகப் போருமாக, ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரு போர்கள் ஒரே இடுக்கைத் தேர்ந்ததில் வியப்பில்லை. இத்தாலிக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் இடையே படையும் வண்டியும் போகத்தக்க வழிகள் மிகச் சிலவே.

கணவாய்க்கு முன் பிரியும் மாங்கார்ட் சாலை 1930-களின் இறுதியில் இத்தாலியப் படை போட்டது. 2,000 மீட்டருக்கு மேல் ஏறும் இதுவே நாட்டின் மிக உயரமான சாலை. குறுகல், ஓரத்தில் தடுப்பு குறைவு, சுரங்க வழிகளில் விளக்கில்லை. வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது சில நொடி கண் தெரியாது. கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நுழையுங்கள். பாறைச் சரிவால் மேற்பகுதி அடிக்கடி மூடப்படும், பருவத்தில் கட்டணமும் உண்டு. மேகம் இறங்கியிருந்தால் ஏறவே வேண்டாம்.

திரும்பிக் கோபாரித். 1915 முதல் 1917 வரை இத்தாலிக்கும் ஆஸ்திரிய-ஹங்கேரிக்கும் இடையே இந்த ஆற்றங்கரையில் பன்னிரண்டு பெரும் போர்கள் நடந்தன. முதல் பதினொன்றில் கோடு சில கிலோமீட்டர் நகர்ந்ததே மிச்சம். 1917 அக்டோபர் 24 அன்று தொடங்கிய பன்னிரண்டாவதில் ஜெர்மன் படையும் சேர்ந்துகொள்ள, இத்தாலிய அணி உடைந்து வெகுதூரம் பின்வாங்கியது. கபொரேட்டோ என்ற இத்தாலியப் பெயர் அம்மொழியில் இன்றும் படுதோல்விக்கு மறுபெயர். அப்போது இளம் அதிகாரியாக இருந்த, இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற ஜெர்மன் தளபதி எர்வின் ரோமல் தன் பிரிவோடு மேலே தெரியும் மாத்தாயூர் மலையைக் கைப்பற்றினார். ஊரிலுள்ள அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1990-இல் திறக்கப்பட்டு, 1993-இல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியக விருது பெற்றது. எந்த நாட்டின் பக்கமும் சாயாமல் வீரனின் பக்கம் நின்று பேசுவதே அதன் சிறப்பு. அதன் பிறகு ஊருக்கு மேலேயுள்ள எலும்புக்கூடத்துக்குச் செல்லுங்கள். 1938-இல் முசோலினி திறந்துவைத்த அந்தப் படிக்கட்டுக் கட்டடத்தில் 7,014 இத்தாலிய வீரர்களின் எச்சங்கள் உள்ளன. அருங்காட்சியகத்தின் அடக்கத்துக்கும் இந்தக் கட்டடத்தின் ஆடம்பரத்துக்கும் உள்ள வேறுபாடு, சாவை யார் எதற்காக நினைவுகூர்கிறார்கள் என்பதைக் காட்டிவிடும்.

நான்காம் நாள்: டோல்மின், ஃபிரான்யா, இட்ரியா (சுமார் 95 கி.மீ.)

டோல்மினுக்கு மேலே, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய செங்குத்தான பாதையின் முடிவில் யாவோர்ட்சா தேவாலயம் இருக்கிறது. 1916-இல் ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரர்களே மரத்தால் கட்டியது. வெடிமருந்துப் பெட்டிகளின் பலகைகளில் இறந்த 2,564 தோழர்களின் பெயர்களைச் சுட்டுப் பொறித்து உட்சுவர்களாக வைத்திருக்கிறார்கள். மறைவளைவுகளில் ஹாரன் அடித்து ஏறுங்கள்.

செர்க்னோ அருகேயுள்ள ஃபிரான்யா மருத்துவமனைக்கு வண்டி போகாது. நிறுத்திவிட்டு மலையிடுக்கில் நடக்க வேண்டும். 1943 டிசம்பரிலிருந்து போர் முடியும்வரை யூகோஸ்லாவிய விடுதலைப் போராளிகள் ஜெர்மானியரின் கண்ணில் படாமல் நடத்திய மருத்துவமனை இது. காயம்பட்டவர்களைக் கண்ணைக் கட்டித்தான் தூக்கிவருவார்கள். பிடிபட்டாலும் வழி சொல்ல முடியாதபடி. அங்கே பணியாற்றிய மருத்துவர் ஃபிரான்யா போய்ட்ஸ் பிடோவெட்ஸின் பெயரே அதற்கு நிலைத்தது. 2007 வெள்ளத்தில் குடில்கள் அடித்துச்செல்லப்பட்டன. இன்று காண்பவை மறுபடி கட்டப்பட்டவை.

இட்ரியாவில் 1490-இல் பாதரசம் கண்டெடுக்கப்பட்டது. ஸ்பெயினின் அல்மதேனுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பெரிய பாதரசச் சுரங்கமாக ஐந்நூறு ஆண்டு நடந்தது. 2012-இல் இரண்டும் சேர்ந்தே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. 1500-இல் தோண்டிய அந்தோணியார் சுரங்கவழியில் இறங்கிப் பார்க்கலாம். இரவு உணவுக்கு ஷ்லிக்ரோஃபி, அதாவது உருளைக்கிழங்கு அடைத்த சிறு கொழுக்கட்டை. அந்தப் பூரணத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் சைவ உணவினர் கேட்டுவிட்டு உண்ண வேண்டும்.

ஐந்தாம் நாள்: ரோமர் சாலையும் புர்யா காற்றும் (சுமார் 110 கி.மீ.)

இட்ரியாவிலிருந்து கோதோவிச், கால்ட்ஸே வழியாகத் திரும்பி ஹ்ருஷிட்சா ஏறுங்கள். அடர்ந்த காட்டுக்கு நடுவே சாலையோரம் ஒரு கோட்டையின் மதில்கள். அக்விலேயா நகரையும் எமோனாவையும் இணைத்த ரோமச் சாலையின் உச்சி இது. இத்தாலிக்குள் கிழக்கிலிருந்து படை நுழையாதபடி மதிலும் காவல்கோட்டைகளுமாக ரோமர் அமைத்த தடுப்பில் அத் பிரும் என்னும் இந்தக் கோட்டை நடுநாயகம்.

இங்கிருந்து கோல் என்ற ஊர் வழியாக விப்பாவாப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் முன், அன்றைய காற்று நிலவரத்தைப் பாருங்கள். உயர்நிலத்திலிருந்து குளிர்ந்த காற்று சரிவில் விழுந்தடிப்பதற்குப் புர்யா என்று பெயர். அது சீராக வீசாது. வீச்சு வீச்சாக அடிக்கும், கடுமையான நாளில் மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டும். கூரை ஓடுகளின் மேல் கல் அடுக்கிய வீடுகளைப் பார்த்தாலே ஊரார் அதை எப்படி மதிக்கிறார்கள் என்று தெரியும். 394 செப்டம்பரில் பேரரசர் தியோடோசியஸ் இந்த மலைவழியாகவே இறங்கிவந்து, மேற்கு ரோமில் தனக்குப் போட்டியாக அரியணை ஏறியிருந்த யூஜினியஸின் படையை எதிர்கொண்டார்; எதிரியின் முகத்தில் அறைந்த காற்றே வெற்றியை அவர் பக்கம் திருப்பியது என்று பழைய எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே எச்சரிக்கை வந்தால் அந்த நாள் ஓட்டாதீர்கள். வழியில் மாட்டிக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, முழங்காலால் தொட்டியை இறுக்கி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள். பாலமும் மதிலின் முடிவும் வரும் இடங்களில் பக்கவாட்டு அடியை எதிர்பாருங்கள்.

மாலையில் பிரெட்யாமா. குகை வாயை அடைத்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் நிற்கும் அந்தக் கோட்டையில் ஹாப்ஸ்பர்க் பேரரசரை எதிர்த்த எராஸெம் என்ற பிரபு முற்றுகையைத் தாங்கி நின்று, 1484-இல் மாண்டார். காட்டிக்கொடுக்கப்பட்டுக் கழிப்பறையில் இருந்தபோது பீரங்கிக்குண்டு விழுந்து இறந்தார் என்பது ஊர்க்கதை.

ஆறாம் நாள்: கார்ஸ்ட் எனப்படும் சுண்ணாம்புப்பாறை நிலமும் கடலும் (சுமார் 110 கி.மீ.)

போஸ்டோய்னா, ஷ்கோட்சியான் என்று இரண்டு பெரும் குகைகள் உண்டு. ஒன்றுக்கே நேரம் என்றால் ஷ்கோட்சியானைத் தேர்ந்தெடுங்கள்; நிலத்தடியில் ஆறு இரைந்தோடும் பள்ளத்தின் மேல் பாலத்தில் நடப்பது, குகை ரயிலில் போவதைவிட மனத்தில் நிற்கும். லிப்பிட்சாவில் 1580-இல் தொடங்கிய வெள்ளைக் குதிரைப் பண்ணை. ஆனால் தவறவிடக் கூடாதது ஹ்ராஸ்டோவ்லியே என்ற சிற்றூரின் கல்கோயில்: 1490-இல் கஸ்தாவ் ஊர் யானெஸ் தீட்டிய சுவரோவியத்தில், எலும்புக்கூடுகள் அரசனையும் போப்பையும் பிச்சைக்காரனையும் குழந்தையையும் கைபிடித்துக் கல்லறைக்கு அழைத்துப்போகின்றன. சுண்ணாம்புப் பூச்சின் அடியில் மறைந்திருந்து 1949-இல்தான் வெளிப்பட்டது.

இரவு பீரானில். 1797 வரை வெனிஸுக்கு உட்பட்ட, இசைக்கலைஞர் ஜுசெப்பே தார்த்தினி 1692-இல் பிறந்த ஊர். பழைய நகருக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வெளியே நிறுத்திவிட்டு நடக்க நேரும் என்பதால், சாமானை ஒரே பையில் கழற்றி எடுக்கும்படி கட்டிவையுங்கள்.

ஏழாம் நாள்: திரும்புதல் (சுமார் 150 கி.மீ.)

நெடுஞ்சாலையைத் தவிர்த்து செர்க்னிட்சா வழியாக வாருங்கள். மழைக்காலத்தில் இருபது சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து, கோடையில் நிலத்தின் துளைகள் வழியாக வடிந்து புல்வெளியாகிவிடும் ஏரி அது. இதன் போக்கை ஆராய்ந்து எழுதிய யானெஸ் வய்கார்ட் வல்வாசோர் 1687-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். செப்டம்பரில் போனால், மீன் துள்ளிய இடத்தில் வைக்கோல் அறுத்துக்கொண்டிருப்பார்கள். ஏரிக்குள் போகும் மண்பாதைகளில் வாடகை வண்டியை இறக்காதீர்கள். தார்ச்சாலைக்கு வெளியே நேரும் சேதத்தைப் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை.

லியுப்லியானாவுக்குள் நுழையும் முன் தொட்டியை நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே, அதுவும் ஓட்டிய தூசியைத் துடைத்துவிட்டு ஒப்படையுங்கள். முதல் நாள் எடுத்த படங்களை வைத்து, கொடுப்பவரும் வாங்குபவருமாக ஒவ்வொரு கீறலையும் ஒப்பிட்டு, முன்பணம் விடுவிக்கப்படும் நாளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.